உட்கார்ந்த ஆள் உயரம்

பிரசவ விடுப்பு முடிந்து அவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிய அன்று காலையில் முதலில் கிடைத்தது ஒரு பூங்கொத்து. அடுத்துக் கிடைத்தது, அவளுக்கென்று வேலை எதுவும் பாக்கியில்லை என்ற செய்தி.

"எல்லா டிடெக்டரையும் டெஸ்ட் பண்ணியாச்சும்மா. லாரி வர்ற வாரம் வந்துடும். நீ டென்ஷன் ஆகாம ரெஸ்ட் எடு," என்றார் பெரியசார். அந்தக் குழுவின் தலைவர் அவர். நல்ல உயரம், நல்ல குரல், யார் என்ன சொன்னாலும் பாதியிலேயே புரிந்துகொண்டுவிட்டதாகத் தலையாட்டும் பழக்கம்.

அந்த டிடெக்டர்கள் அவள் கட்டியவை. பிளாஸ்டிக் கட்டைகளை வெள்ளைத் துணியால் துடைத்து, தாளில் சுற்றி, வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட உள்ளே போகாமல் கறுப்பு டேப் ஒட்டியது அவள் கை. வயிறு தள்ளிய பிறகும், கதிர்வீசும் சோர்ஸ் இல்லாத வெளியறையில் உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டுதான் இருந்தாள். கடைசிக் கட்டையைச் சட்டத்தில் ஏற்றுவதற்குள் வலி எடுத்துவிட்டது. அவ்வளவுதான், சோதனை மற்றவர்கள் கைக்குப் போய்விட்டது.

அந்தக் குழு செய்வது என்னவென்று சொல்லிவிட வேண்டும். நட்சத்திரங்களின் வயிற்றுக்குள் தங்கமும் பிளாட்டினமும் எப்படி உண்டாகின்றன என்பது அவர்கள் கேள்வி. சில அணுக்கருக்கள் சிதையும்போது ஒரு நியூட்ரானைத் துப்பிவிடும். எத்தனை தடவை துப்புகிறது, எவ்வளவு வேகத்தில் துப்புகிறது என்று எண்ணினால்தான் அந்தத் தங்கக் கணக்கு நேராகும். ஆனால் நியூட்ரான் லேசில் சிக்குகிற ஜந்து அல்ல. அதற்கு மின்னூட்டம் கிடையாது. நூறு போனால் முப்பது மாட்டும்; மீதி, யாரையும் சட்டை செய்யாமல் கட்டையைத் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். அந்த முப்பது நிஜமாகவே முப்பதுதானா, இருபத்தைந்தா, முப்பத்தைந்தா என்று முன்கூட்டியே சோதித்து வைப்பதுதான் அவள் வேலை. அதில் கோட்டைவிட்டால் அதற்குப் பிறகு எண்ணுகிற எல்லாமே கோணல். லாரியில் ஏறிப் போய், வேறொரு ஊரில் பெரிய இயந்திரத்தின் முன்னால் நின்று, இந்தக் கட்டைகள் தப்புத் தப்பாக எண்ணும். அந்தத் தப்பை உலகம் பத்து வருஷம் நம்பும்.

பூங்கொத்தை ஒரு தண்ணீர்க் குடுவையில் செருகிவிட்டு, அவள் சோதனைப் படங்களைத் திறந்தாள். ரெஸ்ட் எடுக்கச் சொன்னால் ரெஸ்ட் எடுக்கிற ரகம் இல்லை அவள்.

மேல் வரிசைக் கட்டைகள் ஒழுங்காக இருந்தன. கீழ் வரிசைகள் மட்டும் ரொம்ப நன்றாக இருந்தன. அதுதான் உறுத்தியது. ஒரே பிளாஸ்டிக், ஒரே டேப், ஒரே கை. கீழே இருப்பவை மட்டும் எப்படி அதிகம் பிடிக்கும்? அதுவும் வேகமான நியூட்ரான்களில் வித்தியாசமே இல்லை. மெதுவானவற்றில் மட்டும் எக்கச்சக்கமாகப் பிடிக்கின்றன. அவர்களுக்கு வேண்டியதே அந்த மெதுவான நியூட்ரான்கள்தான்.

சோதனை செய்தவன் கண்ணாடி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமல் அவனால் ஒரு வாக்கியம் பேச முடியாது, அதனால் அந்தப் பெயர். முனைவர் பட்டம் வாங்கியவன், கெட்டிக்காரன், ஆனால் பெரியசார் தும்மினால் இவனுக்குச் சளி பிடிக்கும்.

"நிழல் ஓட்டம் எடுத்தியாப்பா?" என்று கேட்டாள்.

நிழல் ஓட்டம் என்றால், சோர்ஸுக்கும் டிடெக்டருக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டையையும் மெழுகுக் கட்டையையும் சேர்த்து வைத்து, நேராக வரும் நியூட்ரான்களை மறித்துவிட்டு எண்ணுவது. அப்போதும் சில நியூட்ரான்கள் எண்ணிக்கையில் ஏறும். அவை தரையிலும் சுவரிலும் மோதித் திரும்பி வந்த திருட்டு நியூட்ரான்கள். அவற்றைக் கழித்தால்தான் உண்மை மிஞ்சும்.

"எடுத்தேன்க்கா. கழிச்சும் இருக்கேன்," என்றான் அவன், கண்ணாடியைத் துடைத்தபடி.

"அப்புறம் ஏன் கீழ் வரிசை இப்படித் துள்ளுது?"

"சார் சொன்னாரு, கீழ் வரிசைக்குப் புது லைட் ட்யூப் போட்டிருக்கோம், அதான் கட்டைக்குள்ள மின்னுற வெளிச்சத்தை நல்லாப் பிடிக்குதுன்னு."

"கட்டையில எந்த ட்யூப் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? புதுசு பழசெல்லாம் கலந்துதான் போட்டிருக்கேன்."

அவன் அசடு வழிந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் அதைவிட அவசரமான வேறொன்று இருந்தது. மார்பில் பால் கட்டிக்கொண்டு கல்லாகக் கனத்தது. பம்ப்பை எடுத்துக்கொண்டு தாழ்ப்பாள் உள்ள அறை தேடி அலைந்தாள். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒன்று கழிப்பறைதான். மூடிய கோப்பையின் மேல் உட்கார்ந்து, அடுத்த தடுப்பில் யாரோ மூக்குச் சிந்துவதைக் கேட்டுக்கொண்டு, மகளின் சாப்பாட்டைப் புட்டியில் சேகரித்தாள். வெளியே வந்ததும் நேராகப் பெரியசாரிடம் போனாள்.

"சார், பால் எடுக்கத் தாழ்ப்பாள் போட்ட ஒரு இடம் வேணும். கேபிள் ஸ்டோர் சும்மாதானே கிடக்கு?"

"அதான் தாய்மைக் கூடம் இருக்கேம்மா!" என்றார் அவர், அவள் மறந்துவிட்டதைப் போல.

தாய்மைக் கூடத்தின் கதை இது. அவள் கர்ப்பம் என்று தெரிந்ததும், சோர்ஸ் திறந்திருக்கும்போது சோதனை ஹாலுக்குள் போகக்கூடாது என்பது விதி. அதில் அவளுக்குச் சண்டை இல்லை. அந்த விதியைப் புதிதாக வருபவர்களுக்கு ஒப்பிப்பதே அவள்தான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: வெளியறையில் ஒரு திரை வைத்துக் கொடுங்கள், அங்கிருந்தே எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்கிறேன். பெரியசார் பாதியிலேயே புரிந்துகொண்டு தலையாட்டினார். அவள் பிரசவத்துக்குப் போன பிறகு, ஹாலுக்குள்ளேயே ஒரு மூலையில் தடித்த பாலிதீன் கட்டிகளை அடுக்கி, அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு, ரோஜா நிறத் திரை கட்டி, 'தாய்மைக் கூடம்' என்று பலகை மாட்டிவிட்டார். கட்டிகள் நியூட்ரானைத் தடுக்குமாம். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி பாதுகாப்பாக உட்கார்ந்து வேலை பார்க்கலாமாம். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, கர்ப்பிணி என்ன, யாருமே சோர்ஸ் திறந்திருக்கும்போது அங்கே உட்காரக்கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆனாலும் கூடம் கலையாமல் நின்றது. படம் எடுக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தின் பளபளப்பான மலரில் அது முழுப்பக்கம் வந்தது. வீட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். காலி நாற்காலி ஒன்று அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"சார், சோர்ஸ் திறந்திருக்கிற ஹாலுக்குள்ள நான் போய்ப் பால் எடுக்க முடியுமா?"

"இல்லல்ல, மூடியிருக்கிறப்போ போ. நீ எதுக்கு இவ்ளோ கோவப்படுற? முகமே சரியில்ல. தூக்கம் இல்லையா?"

அவள் கீழ் வரிசையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார். "பார்த்துக்கலாம்மா. புள்ள பெத்த உடம்பு, எல்லாம் பெருசாத்தான் தெரியும்."

அவளுக்கு அந்தக் கணத்தில் குடுவையோடு பூங்கொத்தைத் தூக்கி அவர் மேசையில் கவிழ்க்கத் தோன்றியது. கவிழ்க்கவில்லை. கவிழ்த்திருக்கலாம் என்று பின்னால் பல தடவை நினைத்தாள்.

மறுநாள் அமைதியாகச் சொன்னாள். "கம்ப்யூட்டர்ல போட்டுச் சரிபண்ணிடலாம்" என்றார். காரணம் தெரியாமல் எதைச் சரிபண்ணுவது என்று கேட்டாள். "மெதுவாப் பேசும்மா" என்றார். அவள் மெதுவாகத்தான் பேசியிருந்தாள். அதற்கடுத்த நாள் படங்களைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு போய், வரிசை வரிசையாக விரல் வைத்துக் காட்டினாள். அவர் அவள் விரலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். நோயாளியைப் பார்க்கும் கனிவு அது. லீவு வேண்டுமானால் நீட்டித்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். கணவன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பரீட்சைத் தாள்களிலிருந்து தலையைத் தூக்கினான்.

"கொஞ்சம் பொறுமையா எடுத்துச் சொல்லிப் பாரேன்."

"பொறுமையா மூணு தடவை சொல்லியாச்சு. இன்னும் எப்படிச் சொல்லணும், தாலாட்டாப் பாடணுமா?"

கணவனின் அம்மா, பேத்தியைப் பார்த்துக்கொள்ளவென்று வந்திருப்பவர், பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சை அறைக்கே தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ஜன்களை அதட்டிய வாய்.

"அவ சொல்றது சரியா தப்பான்னு கேளுடா முதல்ல," என்றார் மகனிடம். "கோவமா சொன்னா தப்பாயிடுமா? ஏம்மா, அந்த ஆளு உன் ஒடம்ப ஏன் நடுவுல இழுக்குறான்?"

"அதாங்க அத்தை. நான் என்ன சொன்னாலும் புள்ள பெத்தவ பேசுறாங்கிறாரு."

"கீழ் வரிசைன்னியே, எது வரைக்கும் கீழ்? நானும் பார்க்கிறேன், கீழ் கீழ்ங்கிற. காயம் எதுவரைக்கும்னு சொல்லாம டாக்டர் கத்திய எடுக்க மாட்டான்."

அத்தைக்கு நியூட்ரானும் தெரியாது, டிடெக்டரும் தெரியாது. வாய் ஓயாமல் கேட்கும் பழக்கத்தில் கேட்டார். அவள் பதில் சொல்லக் கையை உயர்த்தினாள். தரையிலிருந்து இதுவரைக்கும் என்று காட்டினாள். அதற்கு மேல் அந்தத் துள்ளல் சட்டென்று நின்றுவிடுகிறது. தரையில் பட்டுத் திரும்பியதாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குறையும்? அவள் கை நின்ற இடம் அத்தையின் தலைக்கு நேராக இருந்தது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கை அப்படியே நின்றது.

"என்னம்மா?" என்றார் அத்தை.

"உட்கார்ந்த ஆள் உயரம், அத்தை," என்றாள் அவள். "என்னை உட்கார வைக்கக் கட்டின செவுரு."

எல்லாம் ஒரேயடியாக விளங்கிவிட்டது. கண்ணாடி நிழல் ஓட்டம் எடுத்தது வெறும் ஹாலில். அதன் பிறகு தாய்மைக் கூடம் முளைத்தது. அதன் பிறகு சோர்ஸைத் திறந்து சோதனை. டிடெக்டர்களுக்குச் சரியாகப் பின்னால் இருந்த மூலையில், நாற்காலியில் உட்கார்ந்தவள் தலை மறையும் உயரத்துக்கு, பாலிதீன் கட்டிகள். கட்டையைத் தாண்டிப் போன நியூட்ரான்கள் அதில் முட்டி, வேகம் குறைந்து, தாமதமாகத் திரும்பி வந்து, கீழ் வரிசைகளில் மறுபடி விழுந்திருக்கின்றன. வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிடுவார்கள்; தாமதமாக வந்ததால் மெதுவான நியூட்ரான் என்று கணக்கில் ஏறியிருக்கின்றன. இரும்பும் மெழுகும் எங்கே இருக்கின்றன என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கிறவர்களுக்கு, ரோஜாத் திரைக்குப் பின்னால் இருந்தது பொருளாகவே தெரியவில்லை. அது அவர்களுக்குக் கருணை. கருணைக்கு எடை உண்டா, அதில் நியூட்ரான் பட்டுத் தெறிக்குமா என்று யார் யோசிப்பார்கள்?

அவள் அங்கே ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. ஆனாலும் அவள் உயரம் அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் கெடுத்துவைத்திருந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, இரண்டையும் தள்ளிக்கொண்டு கோபம் முன்னால் வந்து நின்றது.

காலையில் கண்ணாடியிடம் சொன்னாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அது... அது ரூமோட ஒரு பாகம் மாதிரி ஆயிடுச்சுக்கா. எனக்குத் தோணவே இல்ல."

"சரி. இப்பத் தோணிடுச்சுல்ல? சோர்ஸை மூடு. பிரிச்சுடலாம்."

"இன்னைக்கா? அக்கா, இன்னைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. சிறந்த பணியிட விருதுக்குத் தாய்மைக் கூடத்தைத்தான் பார்க்க வர்றாங்க. சார் நேத்துதான் திரையைத் துவைக்கப் போட்டு வாங்கினாரு."

அவளுக்கு மூக்கு நுனி வரை ரத்தம் ஏறியது. பெரியசாருக்குப் போன் செய்தாள். எடுத்தார். காரணத்தைச் சொன்னாள். மறுமுனையில் அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது, அது அவளுக்கும் தெரிந்தது. முட்டாள் அல்ல அவர். அதுதான் அவளை இன்னும் எரித்தது.

"விருந்தாளிங்க போகட்டும்மா. அப்புறம் பார்ப்போம்."

"இன்னைக்கே ஆரம்பிக்கலேன்னா அதுக்குள்ள லாரி வந்துடும் சார். மறுபடி நிழல் ஓட்டம், மறுபடி சோதனை, எல்லாத்துக்கும் நாள் வேணும்."

"உனக்காகக் கட்டினதும்மா அது. அதையே நீ குறை சொன்னா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? கொஞ்சம் நன்றி..."

அவள் போனை வைத்துவிட்டாள். நன்றி என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதையும் கேட்க அவளுக்கு விருப்பமில்லை.

சோர்ஸ் அதன் பீப்பாய்க்குள் இறங்கிப் பூட்டிக்கொண்டது. கண்ணாடி அளவுமானியை ஹாலுக்குள் நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். அவள் உள்ளே போனாள். முதலில் திரையைக் கொக்கியோடு பிடுங்கினாள். பின்னால் பாலிதீன் கட்டிகள், பெரிய சலவைசோப்பு போல வெள்ளை வெளேரென்று, ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு கட்டியைத் தூக்கினாள். பிள்ளையைவிட மூன்று மடங்கு கனம். இடுப்பில் அணைத்து வாசல் வரை கொண்டுபோய் வைத்தாள். அடுத்ததைத் தூக்கத் திரும்பியபோது கிரேன்காரர் வந்து நின்றார். கட்டிகளை அடுக்கியதும் அவர்தான்.

"யாரும்மா பிரிக்கச் சொன்னது?"

"நான்தான் அண்ணே."

"சரி, தள்ளு. உன் முதுகு ஒடிஞ்சா அதையும் என் தலையிலதான் கட்டுவாங்க."

கண்ணாடி கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அரைக்குருடாக வந்து ஒரு கட்டியைத் தூக்கினான்.

கடைசி அடுக்கு இறங்கும்போது பெரியசார் விருந்தாளிகளோடு உள்ளே வந்தார். வாய் நிறைய வரவேற்புரை வைத்திருந்தார். அது அப்படியே நின்றுவிட்டது. மூலையில் நாற்காலி மட்டும் அம்மணமாக நின்றது. அவள் வியர்த்துப்போய், தலை கலைந்து, சட்டையின் முன்பக்கம் பால் கசிந்த ஈரத்தோடு நின்றாள். மறைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"இவங்களுக்காகத்தான் கட்டினோம்," என்றார் பெரியசார் கடைசியில், பழக்கதோஷத்தில்.

விருந்தாளிகளில் நரைத்த தலை அம்மாள் ஒருவர் அவளைப் பார்த்தார். "இங்க உட்கார்ந்து வேலை செய்யறது எப்படி இருந்துச்சும்மா?"

"தெரியாதுங்க. ஒரு நாளும் உட்கார்ந்ததில்ல. உட்காரவும் விட மாட்டாங்க, இங்க சோர்ஸ் திறப்பாங்க. நான் பாத்ரூம்ல உட்கார்ந்துதான் புள்ளைக்குப் பால் எடுக்கிறேன்."

கிரேன்காரர் தரையைப் பார்த்தார்.

"அப்ப இதை ஏன் பிரிக்கிறீங்க?"

"இது டிடெக்டரை ஏமாத்துது. வெளியில வாங்க, காட்டறேன்."

எல்லோரும் வெளியறைக்கு வந்தார்கள். கதவு பூட்டிக்கொண்டது. சோர்ஸ் பீப்பாயிலிருந்து மேலே ஏறியது. கம்ப்யூட்டர் திரையில் பழைய எண்ணிக்கை சிவப்பில் இருந்தது; கீழ் வரிசைகளில் சிவப்பு எழும்பி, ஓரிடத்தில் சட்டென்று நின்றது. புதியது நீலத்தில் மெல்ல மெல்ல வளர்ந்தது. காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். நீலம் மேல் வரிசைகளில் சிவப்பின் மேலேயே படிந்தது. கீழ் வரிசைகளில் சிவப்பு தனியாக உயரே நிற்க, நீலம் மேலே இருந்தவற்றோடு ஒரே கோட்டில் போய்ச் சேர்ந்தது. எல்லாக் கட்டைகளும் ஒன்றுபோல. அவள் ஒட்டியது போல.

"அப்ப இதுக்கு முன்னாடி பண்ணின டெஸ்ட் தப்பா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

பெரியசார் தொண்டையைக் கனைத்தார். "அதைத்தான் நாங்களே கண்டுபிடிச்சு, மறுபடி டெஸ்ட் பண்றோம். லாரியைத் தள்ளிப்போடச் சொல்லியாச்சு. எங்க குழுவோட நேர்மை அப்படி."

நாங்களே! அவள் பல்லைக் கடித்தாள். லாரியைத் தள்ளிப்போட அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்பது அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது, இத்தனை சாட்சிகள் முன்னால் இனி விழுங்க முடியாது. டிடெக்டர்கள் சரியாகப் போகும். அவளுக்கு வேண்டியது அதுதான். பெயர் வேண்டியதில்லையா என்றால், வேண்டும். அதற்கு இன்னொரு சண்டை போட வேண்டும், போடுவாள்.

இப்போது போட முடியாது. பால் கட்டி உயிர் போனது.

ஹாலில் சோர்ஸை இறக்கச் சொல்லி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரோஜாத் திரையையும் தோளில் போட்டுக்கொண்டாள். கேபிள் ஸ்டோரைத் திறந்து, சுருள்களைக் காலால் தள்ளி, ஜன்னலில் திரையைக் கட்டி, நடுவில் நாற்காலியைப் போட்டாள். உள்ளே தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் அடித்துச் சாத்தினாள். உட்கார்ந்தாள். நல்ல நாற்காலிதான், பாவம். பம்ப் சீராக இழுக்கத் தொடங்கியது.

நடைபாதையில் பெரியசாரின் குரல் கேட்டது. விருந்தாளிகளுக்குப் படம் எடுக்க வேண்டுமாம். நாற்காலி எங்கே, திரை எங்கே என்று யாரையோ கேட்டார். கண்ணாடி ஏதோ மென்று விழுங்கினான். கதவின் கைப்பிடி அசைந்தது. மறுபடி அசைந்தது. பிறகு தட்டினார்.

"உள்ள ஆள் இருக்கு!" என்று அவள் கத்தினாள், நடைபாதை முழுக்கக் கேட்கும்படி.

"எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"ஆகும்," என்றாள். வெளியே எல்லோரும் காத்திருந்தார்கள்.